வெறுங்காலுடன் வீட்டுக்குள் நுழைந்த குற்றம்

அனுப்புநர்:
சங்கிலி பேச்சியம்மா,
செயலாளர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
உருத்திரபுரம், கிளிநொச்சி.

பெறுநர்:
தவிசாளர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறை மீளாய்வுக் குழு,
வன்னிப் பெருநிலப் பல்கலைக்கழகம்,
கிளிநொச்சி.

பிரதி: எதிர்வரும் டிசம்பர் 3ஆம் திகதி விழாவின் பிரதம விருந்தினர் அவர்கள்.

விடயம்: மருத்துவத் தொழில்நுட்ப ஆய்வு மையத்தின் செயற்கைக் கால் பரிசோதனை அறிக்கையில் என்மீது சுமத்தப்பட்ட பழியை நீக்குதல், அப்பழியை எழுதியோருக்குத் தண்டனை கோருதல், அதே காலை மேலும் 120 பேருக்கு மாட்டிவிடுவதைத் தடுத்தல் தொடர்பானது.

மதிப்பிற்குரிய தவிசாளர் ஐயா அவர்களுக்கு,

1. இருபது வருடங்களுக்கு மேலாக எங்கள் ஊரவருக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வாய்க்கால் தண்ணீர், யானை மிதித்த நெல், பொலிஸ் கொண்டுபோன உழவு இயந்திரம் என்று நான் எழுதாத விடயம் குறைவு. எனக்காக எழுதும் முதலாவது மனு இதுதான். எந்த இடத்தில் "பணிவுடன்" என்று போட வேண்டும், எந்த இடத்தில் "தங்கள் மேலான கவனத்திற்கு" என்று போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். போட வேண்டிய இடங்களில் போட்டுமிருக்கிறேன். அந்தச் சொற்களைப் பார்த்து எனக்குக் கோபம் குறைவு என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. நான் மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் என் நான்காவது வயதில் பெற்றோர் என்னைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். அன்றிலிருந்து இந்த மண்தான். 2010ஆம் ஆண்டு, யுத்தம் முடிந்து மீள்குடியேறிய இரண்டாம் மாதம், வளவு துப்புரவாக்கும்போது மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு பொய்க்கால் கிடைத்தது. பாரமானது, வெயில் காலத்தில் தோலை உரிக்கும், பார்வைக்கும் அழகில்லை. ஆனால் அதைச் செய்து தந்த மனிதர் முதல் நாளே என்னிடம் சொன்னது, "அம்மா, செருப்பைக் கழட்டிப்போட்டு நில்லுங்கோ, அப்பதான் அளவு சரிவரும்" என்பதே. அந்தக் காலுடன் பதினொரு வருடத்துக்கு மேல் வயலில் இறங்கினேன், கோயிலுக்குப் போனேன், குசினியில் நின்று சமைத்தேன். ஒரு தடவையும் விழவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மிகுதியை வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

3. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மேற்படி மையத்தைச் சேர்ந்த மூவர் என் வீட்டுக்கு வந்தனர். பணிப்பாளர் பேராசிரியர் கதிர்காமநாதன், பொறியியலாளர் சஜீவன், இணைப்பாளர் சுகந்தினி. கால் இழந்தவர்களின் பெயர்ப் பட்டியல் என்னிடம் இருப்பது தெரிந்தே வந்தார்கள். வாசலில் மூவரும் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதிரைகளில் அமர்ந்து என் கையால் தேநீர் குடித்தார்கள். புதிய கால் பாரமில்லாதது, வெளிநாட்டுத் தரத்தில் செய்யப்பட்டது, சேற்றிலும் இறங்கலாம் என்றார்கள். பேராசிரியர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்: "அம்மா, நாங்கள் போய்க் கேட்டால் சனம் பயப்பிடும். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் போதும், வருவினம்."

நான் சொன்னேன். வந்தார்கள். வட்டக்கச்சி, நாயாறு, நெடுங்கேணி, நீராவிப்பிட்டி என்று நான்கு திசையிலிருந்தும் பதினாறு பேர். என்னோடு பதினேழு. சிலருக்குச் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தை என் விரலால் தொட்டுக் காட்டினேன். ஐயா, இந்த மனுவில் நான் குற்றம் சாட்டப்போகும் ஆட்களின் வரிசையில் அந்த விரலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

4. பரிசோதனை தொடங்குமுன் எங்கள் பழைய கால்களை மையம் வாங்கி வைத்துக்கொண்டது. பழைய காலும் கையில் இருந்தால் நாங்கள் மாறி மாறிப் போடுவோம், அப்போது முடிவு பிழைத்துவிடும் என்பது பொறியியலாளரின் விளக்கம். ஒவ்வொரு காலிலும் இலக்கத் துண்டு கட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். என்னுடையது ஒன்பதாம் இலக்கம். நான் அன்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

5. 2024 பெப்ரவரி 19ஆம் திகதி தொடக்க விழா. குத்துவிளக்கு ஏற்றும் நேரம் வந்ததும் மேடையிலிருந்த ஏழு பேரும் வழமைப்படி சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். பேராசிரியர் காலுறையையும் கழற்றினார். எங்கள் எல்லோர் சார்பிலும் ஒரு திரி ஏற்ற என்னை அழைத்திருந்தார்கள். நானும் குனிந்து கழற்றப்போனேன். சுகந்தினி என் கையைப் பிடித்து, "அம்மா, நீங்கள் கழட்டாதேங்கோ, சப்பாத்தோட நிண்டால்தான் படத்தில வடிவாத் தெரியும்" என்றார். சப்பாத்துடன் விளக்கேற்றியது வாழ்க்கையில் அது ஒரே தடவை. அந்தப் படம் மையத்தின் வருடாந்த வெளியீட்டில் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, பிரதி இணைத்துள்ளேன். பட்டம் பெற்ற ஏழு பேர் வெறுங்காலுடன் நிற்கிறார்கள். அவர்கள் நடுவில், வெறுங்காலுடன் நிற்க முடியாத ஒரு காலை மாட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். அந்த ஏழு பேரில் ஒருவருக்காவது, இந்தப் பெண் வீட்டுக்குப் போனால் என்ன செய்வாள் என்று ஒரு கணம் மனத்தில் தட்டியிருந்தால் இந்த மனுவுக்குத் தேவையே இருந்திராது.

6. நான்கு நாட்கள் மையத்தின் மண்டபத்தில் பயிற்சி. மாபிள் தரை, சுவரோரம் பிடிகம்பி, இரண்டு காலுக்கும் மையம் தந்த கறுப்புச் சப்பாத்து. நன்றாகத்தான் நடந்தேன். பாராட்டிக் கைதட்டினார்கள். பெப்ரவரி 23ஆம் திகதி மாலை வீட்டுக்கு வந்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் செய்வார்கள், பேராசிரியரும் அதே வாசலில் அதைத்தான் செய்தார். உள்ளே மூன்று அடி வைத்ததும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

7. மூன்றாம் நாள் பொறியியலாளர் சஜீவனுக்குத் தொலைபேசியில் முறையிட்டேன். கால் பின்னுக்கு இழுக்கிறது, வீட்டுக்குள்தான் இப்படி, றோட்டில் நல்லாக இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னேன். வீட்டுக்குள் மட்டும் ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். "புதுக்கால்தானே அம்மா, பழகப் பழகச் சரிவரும், பயப்பிடாமல் நடவுங்கோ" என்றார். நானும் படித்த பிள்ளை சொல்கிறதே என்று பயப்படாமல் நடந்தேன். அழைப்பு எடுத்த திகதி, நேரம் அடங்கிய பதிவை என் மகள் அனோஜா தொலைபேசி நிறுவனத்திலிருந்து பெற்றிருக்கிறாள். அதுவும் இணைப்பில் உள்ளது.

8. ஒன்பது நாட்கள் சுவரையும் கதவு நிலையையும் பிடித்துப் பிடித்து நடந்தேன். பத்தாம் நாள், மார்ச் 3ஆம் திகதி மதியம், சோறு வடிக்கப் பானையை இரண்டு கையாலும் தூக்கினேன். பானை தூக்குபவள் சுவரைப் பிடிக்க முடியாது. மல்லாக்க விழுந்தேன். கஞ்சி இடது முன்கையில் கொட்டியது. வலது காலின் இடுப்பெலும்பு முறிந்தது. அது என் நல்ல கால். மிதிவெடி மிச்சம் விட்ட கால்.

சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். ஐந்து மாதம் படுக்கை. இப்போது அந்தக் கால் ஒன்றரை அங்குலம் குட்டை. முன்பு ஒரு கால் இல்லாதவளாக இருந்தேன், இப்போது எந்தக் காலை நம்பி ஊன்றுவது என்று தெரியாதவளாக இருக்கிறேன்.

9. காரணத்தைக் கண்டுபிடித்தவர் வைத்தியசாலையில் எனக்கு உடற்பயிற்சி தந்த இயன்மருத்துவர் சிவலட்சுமி. அதற்கு அவருக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. என் கட்டில் அருகே அந்தக் காலைச் சப்பாத்துடன் தரையில் நிறுத்தினார், நேராக நின்றது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிறுத்தினார். பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பாதத்தைச் சப்பாத்தின் குதி உயரத்துக்கென்று அமைத்திருக்கிறார்கள். சப்பாத்துக்குள் இருக்கும்போது குதியின் கீழே ஒரு சென்ரிமீற்றர் கட்டை இருப்பதற்குச் சமம். கழற்றினால் கட்டையை உருவியதற்குச் சமம், ஆள் முழுவதும் பின்னுக்குச் சரியும். காலையில் போட்ட சப்பாத்தை இரவு படுக்கும்போது மட்டும் கழற்றும் தேசத்துக்கு அது நல்ல கால்தான். அதை வாசலில் செருப்புக் கழற்றும் ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் அந்த நாட்டு ஆட்களில்லை. இந்த ஊரில் பிறந்து, இதே மண்ணில் வெறுங்காலோடு விளையாடி, பின்பு படிக்கப் போனவர்கள்.

10. இதுவரை எழுதியது பிழை மட்டுமே. பிழை எவருக்கும் வரும், அதற்காக நான் மனு எழுதியிருக்கமாட்டேன். இனி எழுதப்போவதுதான் குற்றம்.

11. பேராசிரியர் மார்ச் 8ஆம் திகதி சஜீவனுடன் வைத்தியசாலைக்கு வந்தார். அப்பிள் பழங்களும் கொண்டுவந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கமுன்பே, "சப்பாத்தைக் கழட்டினனீங்களோ?" என்று கேட்டார். அதாவது, வரும்போதே காரணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் கபடமில்லாமல், "ஓம் சேர், குசினிக்குள்ள ஆர் சப்பாத்தோட போறது?" என்றேன். அவர் சஜீவனைத் திரும்பிப் பார்த்து, "கேட்டனீரே, அவாவே சொல்லுறா. எழுதும்" என்றார். சஜீவன் எழுதினார். வலியில் கிடந்த ஒரு பெண்ணின் பதில் அந்தக் கட்டிலடியிலேயே குற்ற ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது. அப்பிள்களை நான் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

12. ஏப்ரல் மாதம் இன்னொருவர் விழுந்தார். நீராவிப்பிட்டியைச் சேர்ந்த மீராசாகிபு முஹ்ஸின். முல்லைத்தீவு நகரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் நீர்த்தொட்டியடியில் பின்புறமாக விழுந்து தலையில் ஐந்து தையல். ஈரத்தில் சறுக்கியிருப்பார் என்று மையம் சொல்லிவிட்டது. அவர் என்னிடம் சொன்னது இது: "அக்கா, நான் சறுக்கயில்லை. கால்தான் என்னைப் பின்னுக்குத் தள்ளினது." சிவலட்சுமி காட்டியதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் அன்றே தன் கடையிலிருந்த ரப்பர் செருப்பொன்றின் குதிப் பக்கத்தை வெட்டி, பொய்க்காலின் குதிக்குக் கீழே பசை போட்டு ஒட்டினார். ஓரளவு நின்றது. மற்றவர்களுக்கும் வெட்டி ஒட்டிக் கொடுத்தார். சேறும் தண்ணீரும் பட்டால் இரண்டு கிழமையில் கழன்றுவிடும், திரும்ப ஒட்ட வேண்டும். பல்கலைக்கழகமும் பொறியியலாளரும் சேர்ந்து செய்யாததை ஒரு செருப்புக் கடைக்காரர் கத்தியும் பசையும் வைத்துச் செய்தார். ஜூன் மாதம் பரிசோதிக்க வந்த சஜீவன் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொன்றாக அந்த ரப்பர் துண்டுகளைப் பிய்த்து எடுத்தார். சாதனத்தில் கைவைக்க உரிமை இல்லையாம். அவர் போன பின்பு முஹ்ஸின் திரும்பவும் ஒட்டிக் கொடுத்தார்.

13. என்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். ஆய்வு இரகசியம் என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். மறுத்தார்கள். மேன்முறையீடு செய்தேன். இழுத்தடித்தார்கள். திரும்ப எழுதினேன். மனு எழுதிச் சீவித்த ஒருத்தியோடு எழுத்துப் போட்டிக்கு வந்தது அவர்களுடைய கெட்ட காலம். 2025 ஜூன் மாதம் அறுபத்து நான்கு பக்க அறிக்கை என் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அனோஜா இருந்து வரி வரியாகத் தமிழில் சொன்னாள். நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் நிறுத்திவிட்டாள். "வாசி" என்றேன். "வேண்டாம் அம்மா" என்றாள். மூன்றாம் தடவை கேட்டபோது வாசித்தாள். அது பின்வருமாறு:

"பங்கேற்ற 17 பயனாளிகளில் 16 பேர், அதாவது நூற்றுக்கு 94 பேர், எவ்வித விபத்துமின்றிச் சாதனத்தைப் பயன்படுத்தினர். பயனாளி இலக்கம் 9 (பெண், வயது 51, தோட்டப் பூர்வீகம், கல்வியறிவு குறைந்தவர்) எழுத்துமூல அறிவுறுத்தலை விளங்கிக்கொள்ளாது வெறுங்காலுடன் நடந்தமையால் விழுந்தார். இது தவறான பாவனையாகும். சாதனத்தில் குறைபாடு இல்லை."

முஹ்ஸினின் ஐந்து தையல் அறுபத்து நான்கு பக்கத்திலும் எங்கும் இல்லை. அவர் அந்தப் பதினாறு பேருக்குள் "எவ்வித விபத்துமின்றி" நடந்துகொண்டிருக்கிறார்.

14. ஐயா, கால் போனபோது நான் அழுதேன். இடுப்பு முறிந்தபோதும் அழுதேன். இதை வாசித்துக் கேட்டபோது அழுகை வரவில்லை. இது என்னை வேறு ஆளாக்கிவிட்டது. "தோட்டப் பூர்வீகம்" என்பதற்கும் குதி உயரத்துக்கும் என்ன தொடர்பு? சிறுவயதில் இந்த மாவட்டப் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை வாங்கில் இருத்தப்பட்டபோதே அந்தச் சொல்லின் தொடர்பு என்னவென்று எனக்குத் தெரியும். அதைப் பேராசிரியர் கை கூசாமல் அறிக்கையில் போட்டது, வாசிப்பவர்கள் "அதுதானே, அந்தச் சனத்துக்கு எங்கே விளங்கப்போகிறது" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவதற்காக. என் தேநீர் அவருக்கு இனித்தது, என் பட்டியல் இனித்தது, என் சொல்லுக்கு வந்த பதினாறு பேரும் இனித்தார்கள். விழுந்தவுடன் நான் தோட்டத்துச் சனமாகிவிட்டேன்.

15. "எழுத்துமூல அறிவுறுத்தல்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டுப்பிரசுரத்தின் தமிழை வாசிக்கக்கூடியதாகத் திருத்தித் தரும்படி 2024 ஜனவரியில் என்னிடம்தான் சஜீவன் கொண்டுவந்தார். அவர்கள் அறிக்கையில் கல்வியறிவு குறைந்தவளாக வரும் அதே நான். திருத்திக் கொடுத்தேன். நான் கைப்பட எழுதிய அந்தப் பிரதியின் மறுபிரதி என்னிடம் உண்டு. அதில் எட்டு அறிவுறுத்தல்கள் உள்ளன. தோலைத் துடைக்க வேண்டும், ஆணி தளர்ந்தால் அறிவிக்க வேண்டும், தீயருகே வைக்கக் கூடாது என்பன போன்றவை. சப்பாத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அறிக்கையின் பின்னிணைப்பிலோ ஒன்பது அறிவுறுத்தல்கள் இருக்கின்றன. ஒன்பதாவது, "எச்சந்தர்ப்பத்திலும் காலணியின்றி நடத்தல் ஆகாது" என்பது. அந்தப் பக்கத்தின் அடியில் அச்சிட்ட திகதி 2024 மார்ச் 11. நான் விழுந்தது மார்ச் 3. பூசி மெழுகும்போது அடியிலிருந்த திகதியை மெழுக மறந்துவிட்டார்கள். இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்து இணைத்துள்ளேன். பார்ப்பதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

16. இந்த அறிக்கையைக் காட்டித்தான் வரும் டிசம்பர் 3ஆம் திகதி, மாற்றுத்திறனாளிகள் தினத்தில், மூன்று மாவட்டங்களில் 120 பேருக்கு இதே காலை வழங்கப்போகிறார்கள். குதி உயரத்தை மாற்றிவிட்டீர்களா என்று எழுதிக் கேட்டேன். நூற்றுக்கு 94 வெற்றி பெற்ற சாதனத்தை மாற்ற வேண்டிய அவசியம் எழவில்லை என்று பதில் வந்தது. மாற்றினால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? ஆகவே நான் படிக்காதவளாக இருக்க வேண்டும், மேலும் 120 பேர் தங்கள் தங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும்.

17. இந்த மனு பழிவாங்கும் நோக்கத்தில் எழுதப்பட்டது என்று பேராசிரியர் தங்களிடம் கூறுவார். அவருக்குச் சிரமம் வேண்டாம், நானே கூறிவிடுகிறேன்: ஓம், அந்த நோக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் சுகந்தினி வந்து, மையம் வருத்தம் தெரிவிக்கும், புதிதாக ஒரு கால் தரும், பேச்சை இதோடு விடுங்கோ என்றார். அவருடைய முகத்தில் உண்மையான சங்கடம் தெரிந்தது. இருந்தும் அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன். எனக்கு வருத்தம் வேண்டாம், கால் வேண்டாம். எனக்கு வேண்டியவற்றைக் கீழே தருகிறேன்:

அ) நாற்பத்தோராம் பக்கத்தில் என்னைப் பற்றிய வாக்கியம் நீக்கப்பட்டு, விழுந்ததற்குக் காரணம் பாதத்தின் அமைப்பே என்று எழுதப்பட வேண்டும். எழுதிய கையே திருத்தி எழுத வேண்டும்.

ஆ) பதினேழு பேரின் பழைய கால்களும் அந்த அலுமாரியிலிருந்து எடுக்கப்பட்டு அவரவர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கப்பட வேண்டும். நாங்கள் போய் வரிசையில் நிற்கமாட்டோம்.

இ) பேராசிரியர் கதிர்காமநாதன் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட வேண்டும். ஒன்பதாவது அறிவுறுத்தலைச் சேர்த்தவர் யார் என்று விசாரித்து, அவர் இனி எந்த மனிதருடைய காலையும் தொடாதபடி செய்ய வேண்டும்.

ஈ) நீக்குவதற்கு முன், பேராசிரியரின் இரண்டு உள்ளங்கால்களின் முன்பக்கத்திலும் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகைத் துண்டு கட்டி, அவர் ஒன்பது நாட்கள் தன் வீட்டுக்குள் நடக்க வேண்டும். பத்தாம் நாள் தங்கள் குழுவினர் முன்னிலையில், கொதிக்கும் சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக் குசினியிலிருந்து வாசல்வரை வர வேண்டும். இதைக் கேலியாகக் கேட்கவில்லை. தாங்கள் இதற்கு அனுமதி தரமாட்டீர்கள் என்பது தெரியும். மனிதரை வைத்துப் பரிசோதிப்பதற்கு நெறிமுறை இருக்கிறது என்பீர்கள். என் முறை வந்தபோது அந்த நெறிமுறை எங்கே போயிருந்தது என்று தங்கள் பதிலில் ஒரு வரி எழுதினால் போதும்.

உ) டிசம்பர் 3ஆம் திகதி வழங்கல் நிறுத்தப்பட வேண்டும்.

18. மேற்படி கோரிக்கைகளைத் தாங்கள் பரிசீலித்து முடிக்க எத்தனை மாதம் எடுக்கும் என்பதை நான் அறிவேன். எத்தனையோ மனுக்களுக்குப் பதில் வராமல் ஆட்கள் என் வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். ஆகவே கடைசிக் கோரிக்கையை மட்டும் தங்கள் கையில் விட்டுவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. எங்கள் சம்மதப் படிவத்தை மீண்டும் எடுத்து முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். அதில் பதினோராம் பந்தி இப்படிச் சொல்கிறது: பங்கேற்பாளர் எவரும், எந்நேரத்திலும், காரணம் கூறாமல் ஆய்விலிருந்து விலகலாம், விலகியவர் பற்றிய தகவல்கள் யாவும் அறிக்கையிலிருந்து அகற்றப்படும். இந்தப் பந்தியைத் தங்கள் குழுதான் கட்டாயமாக்கியிருக்கிறது. நன்றி.

19. செப்டெம்பர் மாதம் இருபத்திரண்டு நாட்கள், பஸ்ஸிலும் ஓட்டோவிலும் ஊன்றுகோலுடன், முன்பு சேர்த்துவிட்ட அதே வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அறிக்கையை வாசித்துக் காட்டினேன். முஹ்ஸின் முதலாவதாகக் கையெழுத்திட்டார். நாயாற்றுக் கடற்றொழிலாளி வினோதன் மட்டும் கையெழுத்து வைக்கவில்லை. "பழைய காலும் அவங்களிட்ட. புதுக் காலையும் வந்து பறிச்சால் நான் எதில நடந்து வள்ளத்துக்குப் போறது அக்கா?" என்று கேட்டார். என் கோபத்துக்கு மற்றவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. திரும்பி வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே உருத்திரபுரத்துக்கு வந்து கையெழுத்திட்டுப் போனார். ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்டேன். வழங்கல் பட்டியலில் அவருடைய தங்கையின் கணவர் பெயரும் இருக்கிறதாம்.

20. பதினாறு பேரின் விலகல் கடிதங்களும் அவர்கள் ஒப்பத்துடன் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் குழுவின் விதிப்படி அவர்களைப் பற்றிய தகவல் யாவும் இன்றிலிருந்து அந்த அறிக்கையில் இருக்க முடியாது.

நான் விலகவில்லை. விலகினால் என் விழுகையையும் அழித்துவிடுவார்கள், அதைத்தான் அவர்கள் விரும்புவார்கள். பதினேழு பேரில் ஒருத்தி விழுந்தாள் என்று எழுதியவர்களுடைய அறிக்கையில் இனி இருப்பது அந்த ஒருத்தி மாத்திரமே. அந்த அறிக்கையைத்தான் டிசம்பர் 3ஆம் திகதி பேராசிரியர் மேடையில் தூக்கிக் காட்ட வேண்டும். நூற்றுக்கு எத்தனை வெற்றி என்று பிரதம விருந்தினர் கேட்பாராயின், அவர் பதில் சொல்லட்டும். நான் முன்வரிசையில் இருப்பேன்.

ஆகவே, மேற்கூறிய விடயங்களை விசாரித்து, கேட்டவற்றில் ஒன்றையும் குறைக்காமல் நிறைவேற்றித் தருமாறு, இந்த இடத்தில் வழமையாக எழுதப்படும் எல்லாப் பணிவுடனும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: உருத்திரபுரம்
திகதி: 2025.10.14

இணைப்புகள்: வெளியீட்டின் 12ஆம் பக்கம், தொலைபேசிப் பதிவு, வைத்தியசாலை அறிக்கை, ஆய்வறிக்கையின் 41ஆம் பக்கம், எட்டு அறிவுறுத்தல் பிரதியும் ஒன்பது அறிவுறுத்தல் பிரதியும், விலகல் கடிதங்கள் 16.

இப்படிக்கு,
விலகாதவள்,

(ஒப்பம்)
சங்கிலி பேச்சியம்மா